எந்தத் தெருவில் பிறந்தார் அந்தத் தாத்தா?

('காற்பந்து ரசிகனின் கோபம் நியாயமானதா?' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், பினாங்கைச் சேர்ந்த தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நான் பினாங்குக்காரன். ஜோர்ஜ்டவுனில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒருவரைப் பார்த்தால், பெயரைக் கேட்பதற்கு முன்பே "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிடுவோம். டத்தோ கிராமாட் பக்கமா, தண்ணீர்மலைப் பக்கமா, பாலம் தாண்டி பிறைப் பக்கமா? அடுத்த கேள்வி, "உங்க தாத்தா யாரு?" இரண்டு பதிலைச் சொல்லிவிட்டால் போதும். மூன்றாவது நிமிடம் ஏதாவது ஓர் உறவுமுறை வந்துவிடும்.

அப்படிப்பட்ட எங்கள் ஊருக்கு 2025ஆம் ஆண்டில் திடீரென்று மூன்று உறவினர்கள் முளைத்தார்கள். இரண்டு தாத்தா, ஒரு பாட்டி. மூவரும் பினாங்கில் பிறந்தவர்களாம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அர்ஜெண்டினாவைச் சேர்ந்த காற்பந்து ஆட்டக்காரர்களாம். தாத்தா பாட்டி பிறந்த மண்ணுக்காக விளையாட வந்திருக்கிறார்களாம். கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருந்தது!

அந்தத் தாத்தா எந்தத் தெருவில் பிறந்தார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நடந்தது என்ன?

விவரம் தெரியாத தாய்மார்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூன் 10ஆம் தேதி, புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தில் 2027 ஆசியக் கிண்ணத்துக்கான தகுதி ஆட்டம். மலேசியா வியட்நாமை 4-0 என்று வென்றது. அரங்கமே அதிர்ந்தது. நாடே துள்ளிக் குதித்தது. அந்த ஆட்டத்துக்குப் பிறகு, சில ஆட்டக்காரர்களின் தகுதி குறித்து பிஃபாவுக்குப் புகார் போனது.

ஒரு நாட்டுக்கு விளையாட வேண்டுமென்றால், அந்த நாட்டுக் குடியுரிமை இருந்தால் மட்டும் போதாது. ஆட்டக்காரரோ, அவருடைய தாய் தந்தையரோ, தாத்தா பாட்டியோ அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால், விதியில் குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இதுதான் பிஃபாவின் விதி. அதனால்தான் தாத்தா பாட்டி தேவைப்பட்டார்கள்.

2025 செப்டம்பர் 26ஆம் தேதி பிஃபா தண்டனையை அறிவித்தது. ஏழு ஆட்டக்காரர்களின் ஆவணங்கள் பொய்யாகத் திருத்தப்பட்டவை என்றது. மலேசியக் காற்பந்து சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். நம் பணத்தில் ஏறக்குறைய 18 இலட்சம் வெள்ளி. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் 2,000 பிராங்க் அபராதம், 12 மாதத் தடை. அடுத்த மாதம் தீர்ப்பின் காரணங்கள் வெளியானபோதுதான் தலை சுற்றியது. பினாங்கில் பிறந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு தாத்தா பிறந்தது அர்ஜெண்டினாவின் சாந்தா ஃபே. ஜோர்ஜ்டவுன் என்று எழுதப்பட்ட இன்னொரு தாத்தா பிறந்தது புவெனஸ் அயர்ஸ். எங்கள் பினாங்குப் பாட்டி பிறந்தது ரோல்டான் என்ற ஊர். ஜொகூர் பாட்டி பிரேசிலில் பிறந்தவர். கூச்சிங் தாத்தா ஸ்பெயினில் பிறந்தவர். பிஃபா அந்தந்த நாட்டு மூலப் பதிவுகளை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அவ்வளவுதான். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

சங்கம் முதலில் என்ன சொன்னது? "நிர்வாக ஊழியர் செய்த தொழில்நுட்பத் தவறு" என்றது. பெயரில் ஓர் எழுத்து மாறினால் அது தொழில்நுட்பத் தவறு. ஏழு பேருக்குக் கண்டம் விட்டுக் கண்டம் பிறந்த ஊர் மாறுவதும் அதே கணக்கா? நவம்பர் 3ஆம் தேதி மேல்முறையீடும் தள்ளுபடியானது. டிசம்பரில், அந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு விளையாடிய மூன்று நட்புமுறை ஆட்டங்களும் 0-3 தோல்வியாக அறிவிக்கப்பட்டன. வழக்கு விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனது. 2026 ஜனவரியில் சங்கத்தின் நிர்வாகக் குழு கூண்டோடு விலகியது.

நம் வீட்டுப் பாட்டிக்கு ஏன் கிடைக்கவில்லை?

இங்கே ஒரு விஷயத்தை நம் சமுதாயத்தின் பார்வையில் சொல்ல வேண்டும். மற்ற இனத்து ரசிகர்களுக்கு இது மானப் பிரச்சினை. நமக்கு அதைவிட ஆழமான வலி ஒன்று இதில் இருக்கிறது.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். செபராங் பிறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பிரசவம் பார்த்தது தோட்டத்து மருத்துவச்சி. பதிவு செய்யவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பாட்டி ஆயுள் முழுக்கச் சிவப்பு அடையாள அட்டையோடுதான் இருந்தார். ஒரு பிளாஸ்டிக் பையில் பழைய காகிதங்களை எல்லாம் போட்டு வைத்திருப்பார். தோட்டத்துச் சம்பளச் சீட்டு, அண்ணன் பிறப்புப் பத்திரம், கோயில் தலைவர் கொடுத்த கடிதம். எந்த முகப்பில் போய் நின்றாலும் ஒரே பதில்தான்: "அசல் பத்திரம் எங்கேம்மா?" நாங்கள் பள்ளிக்கூடம் படிக்கும்போது பாரம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கடைசி வரை அவருக்கு நீல அட்டை கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் பையை அவர் மகள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இது ஒரு பாட்டியின் கதை மட்டுமல்ல. இந்தியர்களின் ஆவணச் சிக்கலைத் தீர்க்க 2011இல் 'மைடஃப்தார்' என்ற பெயரில் நாடு முழுக்க ஓர் இயக்கமே நடத்தப்பட்டது என்றால், பிரச்சினை எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

பிஃபாவின் தீர்ப்பில், மூலக் கையெழுத்துப் பதிவுகள் கிடைக்காத நிலையில், இரண்டாம் நிலைத் தகவல்களைக் கொண்டு பிறப்புப் பதிவின் நகல்கள் வழங்கப்பட்டதாக ஒரு செய்தி வருகிறது. அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பிளாஸ்டிக் பைதான் நினைவுக்கு வந்தது. கண்ணெதிரே உட்கார்ந்திருந்த பாட்டிக்கு, அவர் இங்கேதான் பிறந்தார் என்று சொல்ல ஊரே சாட்சியாக நின்றும், ஒரு காகிதம் கிடைக்கவில்லை. கடல் தாண்டிப் பிறந்த, எங்கள் ஊரில் பிறந்தே இராத ஒரு பாட்டிக்குக் காகிதம் கிடைத்துவிட்டது. சொல்லுங்கள், நம் ரசிகன் கோபப்படுவது நியாயமா, இல்லையா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வருகிறவர்கள் மீது எனக்குப் பகை இல்லை. நாமே கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள்தான். கெம்பியாவில் பிறந்து நம் நாட்டில் வளர்ந்து விளையாடிய முகமது சுமாரே 2018இல் தேசியக் குழுவில் இடம்பெற்றபோது நாம் கைதட்டி வரவேற்றோம். விதிப்படி வந்தவர் நம்மவர். எதிர்ப்பு, குறுக்கு வழிக்குத்தான்.

இது முதல் தடவை இல்லை

எனக்கு முன்பு பேசிய நண்பர், "ஒரு தவறு நடந்துவிட்டது, அதையே பிடித்துக் கொண்டு தொங்கலாமா?" என்று கேட்டார். ஒரு தவறு என்றால் மன்னிக்கலாம். பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் நாம் விளையாடினோம். எம். சந்திரன் தலைமையில் போய் அமெரிக்காவை 3-0 என்று வென்ற குழு அது. 1974 ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம். 1980இல் தென் கொரியாவை வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோம். புறக்கணிப்பு காரணமாகப் போகவில்லை. அந்தக் குழுவின் கதையைத்தான் 2016இல் 'ஓலா போலா' படமாக எடுத்தார்கள். 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம் கோல் கம்பத்தில் நின்றால் பந்து உள்ளே போகாது என்று எங்கள் அப்பா இன்றைக்கும் சொல்வார். மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங், ஆறுமுகம் என்று எல்லா இனமும் ஒரே சட்டையில் நின்ற காலம் அது.

அதன் பிறகு என்ன ஆயிற்று? 1994இல் ஆட்டத்தை விற்ற ஊழல் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களையே இழந்தோம். 2015 செப்டம்பரில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-10 என்று தோற்றோம். பத்து கோல்! 2018 மார்ச்சில் உலகத் தரவரிசையில் 178ஆம் இடத்துக்கு இறங்கினோம். 1993இல் 75ஆம் இடத்தில் இருந்த நாடு இது.

அப்படியென்றால் நம்மிடம் திறமை இல்லையா? இருக்கிறது. 2009இல் சீ விளையாட்டுப் போட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் வாங்கிக் கொடுத்தவர் யார்? நம் கே. ராஜகோபால். அடுத்த ஆண்டே தென்கிழக்காசியக் கிண்ணத்தையும் முதன்முறையாக வென்று கொடுத்தார். 2010 டிசம்பர் 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என்று வென்ற இரவு, பினாங்கில் மாமாக் கடைகளில் நாற்காலி கிடைக்கவில்லை. தெரியாதவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்துக் கொண்டார்கள். யாருடைய தாத்தாவையும் தேடிப் போகாமல், உள்ளூர்ப் பையன்களை வைத்துக் கொண்டு வந்த வெற்றி அது.

எங்கள் ஊர் பண்டாராயா அரங்கத்தில் 2016 பிப்ரவரி 16ஆம் தேதி ஃபாயிஸ் சுப்ரி அடித்த ஃபிரீ கிக்கை மறக்க முடியுமா? பந்து காற்றில் வளைந்து, மறுபடி வளைந்து வலைக்குள் போனது. உலகின் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருதை வென்ற முதல் ஆசியர் அவர். 2024 ஜனவரியில் ஆசியக் கிண்ணத்தில் தென் கொரியாவோடு 3-3 என்று சமன் கண்டோமே! ஆக, மண் நல்ல மண்தான். தண்ணீர் பாய்ச்ச வேண்டியவர்கள்தான் வாய்க்காலைக் கவனிக்கவில்லை.

ஏன் மாறவில்லை?

இவ்வளவு நடந்தும் ஏன் மாறவில்லை? இதுதான் ரசிகர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி. "அரசாங்கம் ஏன் தலையிடக் கூடாது? கலைத்துவிட்டு வேறு ஆளைப் போடக் கூடாதா?" என்கிறார்கள்.

முடியாது. தேசியச் சங்கங்களின் நிர்வாகத்தில் வெளியார் தலையிடுவதைப் பிஃபா அனுமதிப்பதில்லை. அரசாங்கம் தலையிட்டதற்காக 2015 மே மாதம் இந்தோனேசியா இடைநீக்கம் செய்யப்பட்டது. ஓராண்டு வெளியே நின்றது. நீதிமன்றம் நியமித்த குழு நிர்வாகம் செய்ததற்காக 2022 ஆகஸ்டில் இந்தியா இடைநீக்கம் செய்யப்பட்டது. 2023இல் இலங்கை ஜனவரியிலிருந்து ஆகஸ்டு வரை தண்டனை அனுபவித்தது. அதனால் அமைச்சர்கள் கொஞ்சம் தள்ளியே நிற்கிறார்கள்.

சரி, அரசாங்கம் கேட்க முடியாது. ரசிகன் கேட்கலாமா? அவனுக்கு ஓட்டு இல்லை. சங்கத்தின் பேராளர் மாநாட்டில் ஓட்டுப் போடுகிறவர்கள் மாநிலச் சங்கங்களும் மற்ற இணைச் சங்கங்களும்தான். அவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்களே கணக்கை ஏற்றுக் கொள்கிறார்கள். டிக்கெட் வாங்குகிறவன், ஜெர்சி வாங்குகிறவன், தொலைக்காட்சிக்குச் சந்தா கட்டுகிறவன், மழையில் நனைந்து கொடி பிடிக்கிறவன், எல்லாரும் வாசலுக்கு வெளியே.

நம் ஆள்களுக்குச் சங்கம் நடத்துவது புதிதல்ல. தடுக்கி விழுந்தால் ஒரு மன்றம், எழுந்தால் ஓர் ஆலய நிர்வாகக் குழு. அந்த ஆண்டுக் கூட்டத்தில் என்ன நடக்கும்? "திருவிழாவுக்குத் தே ஆயேர் வாங்கிய ஐம்பது வெள்ளிக்கு ரசீது எங்கே?" என்று ஒரு மாமா எழுந்து நிற்பார். பொருளாளருக்கு வியர்த்து விடும். அந்த மாமாவை நாம் கேலி செய்வோம். ஆனால் அவர் இருக்கிறவரை கோயில் உண்டியல் பத்திரமாக இருக்கும். தேசியக் காற்பந்துக்கு அப்படி ஒரு மாமா இல்லாமல் போனதுதான் நம் துரதிர்ஷ்டம்.

வேர் எங்கே வாடுகிறது?

மேலே நடக்கும் குளறுபடி கீழே யாரைப் பாதிக்கிறது? சம்பளம் வராத ஆட்டக்காரனைப் பாதிக்கிறது. கடன் சுமையாலும் சம்பள பாக்கியாலும் கெடா, பேரா போன்ற பழம்பெரும் பெயர்களே 2025இல் சூப்பர் லீக்கிலிருந்து காணாமல் போயின. எங்கள் பக்கத்து மாநிலங்கள் அவை. அந்த ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இனி எதைப் பார்த்து ஆசைப்படும்?

நம் சமுதாயத்துக்கென்று ஒரு குழு இருந்தது. மலேசிய இந்தியக் காற்பந்து சங்கத்தின் மீஃபா குழு. 2016இல் எஃப்.ஏ.எம். கிண்ணத்தை வென்றது. பிறகு பெயர் மாறி, பி.ஜே. சிட்டி என்ற பெயரில் 2019இல் சூப்பர் லீக் வரை ஏறியது. தோட்டத்துப் பையன்களுக்கும் தமிழ்ப்பள்ளிப் பையன்களுக்கும் அது ஒரு வாசல். 2022 பருவத்தோடு அந்தக் குழுவும் விலகிவிட்டது. அந்த வாசலும் மூடியது.

வெளிநாட்டில் ஒரு தாத்தாவைத் தேடுவதற்குச் செலவான முயற்சியில் கொஞ்சம், இங்கே தமிழ்ப்பள்ளித் திடலில் வெறுங்காலில் ஓடும் பையனைத் தேடுவதற்குச் செலவாகியிருந்தால்? அவனுடைய தாத்தா இங்கேதான் பிறந்தார். காகிதம் வேண்டுமானால் இல்லாமல் இருக்கலாம்.

நம் பக்கத்துத் தவறு

ரசிகன் பக்கம் தவறே இல்லையா? இருக்கிறது. 2015 செப்டம்பர் 8ஆம் தேதி ஷா ஆலமில் சவூதி அரேபியாவுக்கு எதிரான ஆட்டத்தில், கோபம் கொண்ட ரசிகர்கள் தீப்பந்தங்களைத் திடலில் வீசினார்கள். சில நிமிடங்களே பாக்கி இருக்கையில் ஆட்டம் நின்றது. சவூதிக்கு 3-0 என்று வெற்றி கொடுக்கப்பட்டது. கோபம் நியாயமானது. வழி தவறானது. நெருப்பு வீசியவர்களைப் பற்றித்தான் மறுநாள் பேச்சு. 0-10 பற்றிய கேள்வி புகையில் மறைந்து போனது.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. அது என் தவறு. 4-0 வென்ற மறுநாள் நான் கேமரா முன்னால் நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, "இனி யாராலும் நம்மை அசைக்க முடியாது" என்று சொன்னேன். பேரன்கள் பினாங்கு வம்சாவளி என்ற செய்தியையும் பெருமையாக வாசித்தேன். நான் ஜோர்ஜ்டவுன்காரன். எந்தத் தெரு, எந்த வீடு, எந்த மருத்துவமனை, உறவுக்காரர்கள் யாராவது இன்னும் இருக்கிறார்களா என்று விசாரித்திருக்கலாம். உண்மையில் அப்படி ஒரு குடும்பம் இருந்திருந்தால், அது ஓர் அருமையான நிகழ்ச்சியாக அமைந்திருக்கும். தெருவில் நடந்து நான்கு பெரியவர்களிடம் கேட்டிருந்தாலே சந்தேகம் வந்திருக்கும். கேட்கவில்லை. வெற்றி போதையில் கேள்வி தூங்கிவிட்டது. பொதுத் தொடர்புத் துறையில் எனக்கு முதல் நாள் கற்றுக் கொடுத்த பாடமே "சரிபார்" என்பதுதான். அந்தப் பாடத்தில் நான் தோற்றேன்.

தோற்றால் கேள்வி கேட்பது எளிது. வெல்லும்போது கேட்பதுதான் கடினம். ஆனால் அப்போது கேட்டிருந்தால், இந்த அவமானத்தில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

என்ன கேட்கலாம்?

கோபத்தை நெருப்பாக வீசாமல் கேள்வியாக வீசுவோம். நான்கு கேள்விகள் போதும். முதலாவது, ஆண்டுக் கணக்கையும் நிர்வாகக் குழு எடுக்கும் முடிவுகளையும் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடுவீர்களா? இரண்டாவது, பேராளர் மாநாட்டில் முன்னாள் ஆட்டக்காரர்களுக்கும் ரசிகர் மன்றங்களுக்கும் நாற்காலி உண்டா? ஜெர்மனியில் கிளப் உறுப்பினர்களான ரசிகர்களுக்குப் பெரும்பான்மை ஓட்டு இருக்க வேண்டும் என்றே விதி வைத்திருக்கிறார்கள். நாம் பெரும்பான்மை கேட்கவில்லை, ஓர் ஓரத்து நாற்காலிதான் கேட்கிறோம். மூன்றாவது, சம்பள பாக்கி வைத்திருக்கும் குழுவுக்கு உரிமம் இல்லை என்ற விதியைப் பருவம் தொடங்கும் முன்பே கண்டிப்பாக நடைமுறைப்படுத்துவீர்களா? நான்காவது, யார் பொய்க் காகிதம் தயாரித்தார்களோ, அவர்களுடைய பெயரும் தண்டனையும் மக்களுக்குத் தெரிய வேண்டுமா, வேண்டாமா? குழு கூண்டோடு விலகுவது மட்டும் பதில் ஆகாது. நாற்காலி காலியானால் உண்மை வெளியே வந்துவிட்டதாக அர்த்தம் இல்லை.

இந்தக் கேள்விகளைக் கேட்க அரசாங்கம் தேவையில்லை, பிஃபா தடுக்கவும் தடுக்காது. உங்கள் மாநிலச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். "எங்கள் பேராளர் யார், அவர் அங்கே எதற்குக் கை தூக்கினார்?" என்று கேளுங்கள். ஐம்பது வெள்ளிக்கு ரசீது கேட்கும் அந்த மாமாவாக, ஆளுக்கு ஒரு நாள் மாறிப் பாருங்கள்.

ரசிகனின் கோபம் நியாயமானதா என்று கேட்டீர்கள். கோபப்படுகிறவன் இன்னும் விட்டுப் போகவில்லை என்று அர்த்தம். அரங்கத்தில் நாற்காலிகள் காலியாகி, யாரும் கோபப்படாமல் வீட்டில் வெளிநாட்டு லீக் பார்த்துக் கொண்டு உட்கார்ந்துவிட்டால், அன்றைக்குத்தான் நாம் பயப்பட வேண்டும். எங்கள் அப்பா இன்றும் தேசியக் குழு ஆடும் இரவில் தொலைக்காட்சி முன்னால்தான் உட்காருகிறார். திட்டிக்கொண்டேதான் உட்காருகிறார். ஆனால் உட்காருகிறார்.

அடுத்த முறை யாராவது "இவருடைய தாத்தா ஜோர்ஜ்டவுனில் பிறந்தவர்" என்று சொன்னால், வாங்க வாங்க என்று வரவேற்போம், ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுப்போம். பிறகு மரியாதையாகக் கேட்போம்: "நல்லதுங்க. எந்தத் தெரு?"